ஓங்கிலைத் துரத்தாத படகு

போடிநாயக்கனூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைக்கு எண் 85. மைல்கல்லில் அந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதன் மேற்கு முனை கொச்சி, கிழக்கு முனை தொண்டி. நடுவில் மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகள், போடி, தேனி, மதுரை, சிவகங்கை. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போவதும், ஏலக்காய் மூட்டைகள் கீழே இறங்குவதும் இந்தச் சாலையில்தான். இதன் இரண்டு முனைகளிலும் உள்ள கடலில் ஓங்கில்கள் இருக்கின்றன. நம் மீனவர்கள் ஓங்கில் என்று சொல்வது டால்பினைத்தான்.

கொச்சித் துறைமுக வாயிலில், சீன வலைகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், முதுகில் திமில் போல ஒரு மேடு உள்ள ஓங்கில்கள் அடிக்கடி தலைகாட்டும். வைப்பின் தீவுக்குப் போகிற படகில் நின்றபடியே அவற்றைப் பார்த்தவர்கள் ஏராளம். கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலில்தான் அவை வாழும். அதனாலேயே வலை, படகு, கழிவுநீர் என்று மனிதரால் வரும் தொல்லை எல்லாம் முதலில் அவற்றுக்குத்தான். உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் அது. கிழக்கே தொண்டி இருக்கும் பாக் விரிகுடாவும் ஆழம் குறைந்த கடல்தான். தொண்டிக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-ல் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. இந்த இரண்டு கடலிலும் ஓங்கில்கள் உண்டு.

சாலை மட்டும்தான் போடியையும் கடலையும் இணைக்கிறது என்று நினைக்காதீர்கள். போடிமெட்டு உச்சியில் பெய்யும் மழை இரண்டாகப் பிரியும். மேற்குச் சரிவில் விழும் நீர் பூப்பாறைப் பக்கம் ஓடிப் பன்னியாற்றில் சேர்ந்து, முதிரப்புழை வழியாகப் பெரியாற்றை அடைந்து, கொச்சிப் பக்கம் அரபிக்கடலுக்குப் போகும். கிழக்குச் சரிவில் விழும் நீர் குரங்கணி, கொட்டகுடி வழியாக இறங்கி வைகையில் சேரும். வைகை 258 கிலோமீட்டர் நடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரும். வெள்ளக் காலத்தில் மிஞ்சுகிற நீர் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில் கலக்கும். ஆகவே மெட்டில் நின்று நீங்கள் வீசும் ஒரு தின்பண்ட உறை எந்தப் பக்கம் உருண்டாலும் அதன் வழியின் முடிவில் ஒரு கடல் இருக்கிறது. அங்கே ஓங்கிலும் இருக்கிறது.

சரி, பள்ளி விடுமுறையில் கடலுக்குப் போகிறோம், படகில் ஏறி ஓங்கில் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2023-ல் போடிக்கு அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. மதுரையில் வண்டி மாறினால் ராமேசுவரம் வரைக்கும் ரயிலிலேயே போகலாம். போகும் முன் ஓங்கிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் போனால் கடலில் ஒரு முதுகு வளைந்து மறைவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

ஓங்கில் மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. தலையின் உச்சியில் அதற்கு ஒரே ஒரு மூக்குத் துளை. தண்ணீருக்குள் இருக்கும்போது தசையால் ஆன ஒரு மூடி அந்தத் துளையை இறுக அடைத்திருக்கும். மேலே வந்த கணத்தில் மூடி திறக்கும், ‘புஸ்’ என்று காற்று பீறிடும், உடனே உள்ளே இழுக்கும், மூடிக்கொள்ளும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நாம் ஒரு மூச்சில் நுரையீரலில் உள்ள காற்றில் சிறு பங்கைத்தான் மாற்றுகிறோம். ஓங்கில் அந்த ஒரு நொடியில் பெரும்பங்கை மாற்றிவிடும். கடல் அமைதியாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிவது இந்தப் ‘புஸ்’தான். படகில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தால் இது கேட்காது.

நாம் மூச்சு விடுவதை மறந்து தூங்கலாம். உடல் தானே பார்த்துக்கொள்ளும். ஓங்கிலுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது நினைத்து மேலே வரவேண்டும். ஆகவே முழுசாகத் தூங்கினால் மூழ்கிவிடும். அதற்கு இயற்கை செய்த ஏற்பாடு வியப்பானது. மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். பிறகு முறை மாற்றிக்கொள்ளும். இந்தத் தூக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது ஒலி. ஓங்கிலுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனால் கடலுக்குள் வெளிச்சம் வெகுதூரம் போகாது. கலங்கிய நீரில் கைநீட்டும் தூரம்கூடத் தெரியாது. ஒலிக்கு அந்தத் தடை இல்லை. காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். நாலு மடங்குக்கும் மேல். உங்கள் ஊர் வௌவால் இருட்டில் செய்வதை ஓங்கில் தண்ணீரில் செய்கிறது. மூக்குத் துளைக்குக் கீழே உள்ள பாதையில் ‘டிக், டிக், டிக்’ என்று மிக வேகமான சொடுக்கு ஒலிகளை உண்டாக்கும். அதன் நெற்றி புடைத்துக்கொண்டு இருக்கிறதே, அதற்குள் இருப்பது கொழுப்பு. அந்தக் கொழுப்பு ஒலியைக் குவித்து முன்னால் அனுப்பும். ஒலி ஒரு மீன்மேல் பட்டுத் திரும்பி வரும். திரும்பிய ஒலியை ஓங்கில் வாங்குவது கீழ்த்தாடையால்! தாடை எலும்பில் உள்ள கொழுப்பு வழியாக அது உட்காதுக்குப் போய்ச் சேரும். வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று, எப்படி மாறி வந்தது என்பதிலிருந்து மீன் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று ஓங்கில் கண்டுகொள்ளும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் கேட்காது. ஓங்கில்களில் பல இனங்களுக்கு 1,00,000-ஐத் தாண்டியும் கேட்கும்.

சொடுக்கு ஒலி தேடுவதற்கு. பேசுவதற்கு வேறு ஒலி: சீழ்க்கை. புட்டிமூக்கு ஓங்கில் என்ற இனத்தில் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. குட்டியாக இருக்கும்போதே அதை உருவாக்கிக்கொள்ளும். கூட்டத்தில் ஒன்று வழி தப்பினால் தன் சீழ்க்கையை அடித்துக்கொண்டே இருக்கும். வேறொரு ஓங்கிலின் சீழ்க்கையை அடித்து அதைக் கூப்பிடுவதையும் விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். தாயும் குட்டியும் கலங்கிய கடலில் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இப்போது இந்த ஒலி உலகத்துக்குள் ஒரு மோட்டார் படகு வருகிறது.

படகின் பின்னால் சுழலும் விசிறியைப் பார்த்திருக்கிறீர்களா? அது மிக வேகமாகச் சுற்றும்போது இறக்கையின் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தம் திடீரென்று குறையும். அழுத்தம் குறைந்த இடத்தில் நீரே ஆவியாகிச் சின்னச் சின்னக் குமிழிகள் பிறக்கும். அடுத்த கணமே அவை நொறுங்கும். ஒவ்வொரு குமிழியும் நொறுங்கும்போது ஒரு வெடிச்சத்தம். ஒரு நொடியில் எண்ணமுடியாத அளவுக்குக் குமிழிகள். தண்ணீருக்கு மேலே நமக்குக் கேட்பது இன்ஜின் உறுமல். தண்ணீருக்குக் கீழே ஓங்கிலுக்குக் கேட்பது இந்தக் குமிழி வெடிப்பு. வேகத்தைக் குறைத்தால் குமிழிகள் குறையும், சத்தமும் வெகுவாகக் குறையும். ஓங்கில் இருக்கும் இடத்தில் படகு மெதுவாகப் போகவேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான். விபத்தைத் தவிர்க்க மட்டும் போட்ட விதி இல்லை அது.

பாய்மரப் படகு என்றால்? எனக்குப் பிடித்தது அதுதான். விசிறி இல்லை, குமிழி இல்லை, புகை இல்லை. காற்றுதான் இன்ஜின். பாக் விரிகுடாவில் பாய் கட்டிய வத்தைப் படகுகள் ஓடிய காலம் ரொம்பப் பழையதில்லை. தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்தே கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. ஆனால் சத்தமில்லாத படகுக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. மோட்டார் படகு வருவது ஓங்கிலுக்கு முன்கூட்டியே தெரியும். பாய்ப்படகு அரைத் தூக்கத்தில் இருக்கும் கூட்டத்தின் நடுவில் திடுக்கென்று போய் நின்றுவிடலாம். பாய்ப்படகை நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. அதனால் படகின் முன்முனையான முன்னணியத்தில் ஒருவர் கண் இமைக்காமல் நீரைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். சுக்கான் பிடிப்பவருக்குத் தூரத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு சேதி. ஆனி, ஆடி மாதங்களில் போடிமெட்டுப் பக்கமிருந்து மேல்காற்று வீசி, தெருவில் உள்ள தகரக் கூரையெல்லாம் படபடக்கும் அல்லவா? தென்மேற்குப் பருவக்காற்று அது. அதே பருவத்தில் மன்னார் வளைகுடா பொங்கிக் கிடக்கும், பாக் விரிகுடா ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். பாம்பன் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்லி, காற்றுக்குத் தக்கபடி கடல் மாறித் தொழில் செய்வார்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

இந்த மன்னார் வளைகுடாவுக்கு இன்னொரு கரை உண்டு, இலங்கை. அங்கே கற்பிட்டி என்று ஓர் ஊர். தமிழ் பேசும் மக்கள் நிறைய வாழும் ஊர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் ஓங்கில் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து மக்கள் அங்கே வருகிறார்கள். அங்கே இருப்பவை சுழல் ஓங்கில்கள். தண்ணீரிலிருந்து மேலே பாய்ந்து, உடம்பை அச்சுபோல வைத்துக்கொண்டு ஒரே தாவலில் பலமுறை சுழன்று விழும். நூற்றுக்கணக்கில் சேர்ந்து போகும் கூட்டம். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். சுழல் ஓங்கில் இராத்திரி வேட்டைக்காரன். இருட்டிய பிறகு ஆழ்கடலிலிருந்து மேலே ஏறி வரும் சிறு மீன்களையும் கணவாய்களையும் பிடித்துத் தின்னும். பகல் அதற்கு ஓய்வு நேரம். கூட்டமாக ஒட்டிக்கொண்டு, மெதுவாக, ஒரே சீராக மூழ்கி எழும். அந்த நேரத்தில் சொடுக்கு ஒலியைக்கூடப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பாதி மூளை தூங்குகிறது என்று சொன்னேனே, அந்தத் தூக்கம். நாம் படகில் போவதும் பகலில்தான். ஒரு படகு ஓங்கிலைக் கண்டதும் மற்ற படகுகளுக்குச் செய்தி போகும். பத்துப் படகுகள் பாய்ந்து வரும். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் போய் மறிக்கும். பயணிகள் கைதட்டுவார்கள். இரவு முழுக்க உழைத்துவிட்டுத் தூங்கப் போன ஓர் உயிர் பகல் முழுக்க ஓடினால், மறுநாள் இரவு அது எப்படி வேட்டையாடும்? கடல் பாலூட்டிகளைப் பார்க்கப் போகும் படகுகளுக்கு இலங்கை 2012-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அமெரிக்கா 2021-ல் ஹவாய்த் தீவுகளில் கரையை ஒட்டிய கடலில் சுழல் ஓங்கிலுக்கு 50 கெசத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், யாரும் போகக்கூடாது என்று சட்டமே போட்டது. படகுக்கும் அது பொருந்தும், நீந்துபவருக்கும் பொருந்தும். காரணம் இந்தப் பகல் தூக்கம்தான்.

“கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் என்ன ஆகிவிடும், அவை என்ன செத்தா போகும்?” என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள ஷார்க் பே என்ற விரிகுடாவில் விடை கிடைத்தது. அங்கே விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஒவ்வொரு ஓங்கிலையும் அடையாளம் வைத்துக் கணக்கெடுத்து வந்தார்கள். எப்படி அடையாளம்? முதுகுத் துடுப்பின் பின்விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படத்தில் பாருங்கள். ஒன்றில் மேலே ஒரு வெட்டு, இன்னொன்றில் நடுவில் இரண்டு பிசிறு, வேறொன்றில் நுனியே இல்லை. மற்ற ஓங்கில்களின் பல் பட்டது, வலை அறுத்தது, சுறா கடித்தது என்று வாழ்க்கை முழுவதும் விழுந்த தழும்புகள். இரண்டு ஓங்கிலுக்கு ஒரே மாதிரித் துடுப்பு இருக்காது. அப்படிக் கணக்கெடுத்த இடத்தில், முதலில் ஒரு சுற்றுலாப் படகு ஓடியது, பிறகு இரண்டாயிற்று. லார்ஸ் பெய்டர் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். படகுகள் ஓடிய பகுதியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஓங்கில்கள் குறைந்துவிட்டன. எந்தப் படகும் எதையும் இடித்துக் கொல்லவில்லை. தொல்லை பொறுக்காதவை இடத்தை விட்டே போய்விட்டன. மேற்கு ஆஸ்திரேலிய அரசு ஒரு படகின் உரிமத்தை நிறுத்தியது. ஒரே ஒரு படகு கூடியதற்கு இவ்வளவு விளைவு என்றால், பத்துப் படகு பாயும் இடத்தை நினைத்துப் பாருங்கள்.

அதே ஷார்க் பேயில் மங்கி மையா என்ற கரை இருக்கிறது. 1960-களில் மீனவர்கள் சிலர் அங்கே வந்த ஓங்கில்களுக்கு மீன் கொடுத்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டமும் கொடுத்தது. தாய் ஓங்கில் கரையிலேயே கையேந்திக்கொண்டு நின்றதால் குட்டிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட தாய்களின் குட்டிகள் அதிகமாக இறந்தன. பிறகு 1990-களில் கடுமையான கட்டுப்பாடு வந்த பின்தான் நிலைமை சீரானது. மலைச்சாலை வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர்களை நீங்கள் பார்த்ததுண்டு. அந்தக் குரங்குகள் பிறகு காட்டுக்குள் போவதே இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் ஓங்கில் பார்க்கும் பெரிய இடம் ஒன்று உண்டு. ஒடிசாவில் சிலிகா ஏரி. கடலோடு கலந்த பெரிய உப்பங்கழி அது. சாதபாடா என்ற ஊரிலிருந்து மோட்டார் படகுகள் கிளம்பும். அங்கே வாழ்பவை ஐராவதி ஓங்கில்கள். நீண்ட மூக்கு கிடையாது. உருண்டைத் தலை, சிரிப்பது போன்ற வாய். எண்ணிக்கை மொத்தமாகவே சுமார் 150 அளவில்தான். திபானி சுதாரியா என்ற ஆய்வாளர் நான் மேலே சொன்ன துடுப்புப் பட முறையிலேயே அவற்றை அடையாளம் கண்டு எண்ணினார். சின்ன ஏரிப்பகுதி, குறைந்த எண்ணிக்கை, நிறையப் படகுகள். விசிறி பட்டு வெட்டுக்காயம் ஆன ஓங்கில்களும் அங்கே உண்டு. ஆனால் அந்த ஏரியில் மீன் பிடித்த குடும்பங்கள் பல இன்று ஓங்கில் காட்டித்தான் சோறு சாப்பிடுகின்றன. அவர்களுக்குத் தொழில் வேண்டும். ஓங்கிலுக்கும் ஏரி வேண்டும். படகை நிறுத்திவிடு என்று சொல்வது எளிது. இன்ஜினை அணைத்துத் தூரத்தில் நின்று காட்டும் படகுக்காரருக்கு நல்ல கூலி கிடைக்கும்படி செய்வதே சரி என்பது என் எண்ணம். அது பயணியின் கையில் இருக்கிறது.

தொட்டியில் வைத்துக் காட்டினால் தொல்லையே இல்லையே என்று ஒரு யோசனை வரும். 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அப்படியும் செய்து பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஓங்கில்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. ஒரு நாளில் பல கிலோமீட்டர் நீந்தும் உயிர். சுவரில் முட்டி எதிரொலித்துக்கொண்டே இருக்கும் தொட்டியில் அதன் ஒலியே அதற்குத் தண்டனை. 2013-ல் இந்திய அரசு இப்படிப்பட்ட ஓங்கில் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே பார்க்க வேண்டுமென்றால் கடலுக்குத்தான் போகவேண்டும். அது இருக்கும் இடத்தில், அது விரும்பும் தூரத்தில்.

நீங்கள் மலையடிவாரத்துப் பிள்ளைகள். இந்தத் தூரம் என்ற விஷயம் உங்களுக்குப் புதிதில்லை. 2023 மே மாதக் கடைசியில் சின்னக்கானல் பக்கத்து அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தெருவில் கூட்டம் கூச்சல் போட்டதும் அது மிரண்டு ஓடியதைச் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப் ஓட்டுநர் வழியில் யானையைக் கண்டால் என்ன செய்வார்? ஆரன் அடிக்கமாட்டார். தள்ளி நிறுத்தி, யாரையும் இறங்கவிடாமல், அது கடந்து போகும்வரை காத்திருப்பார். வழி யானைக்கு. கடலிலும் அதுதான். யானை கோபப்பட்டால் நமக்குத் தெரியும். ஓங்கில் கோபப்பட்டாலும் மனிதருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதனாலேயே அதன் மனசு நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வாலால் நீரை ஓங்கி ஓங்கி அடித்தால், திடீரென்று எல்லாம் ஒன்றாக மூழ்கி வெகுதூரத்தில் எழுந்தால், போகும் திசையை அடிக்கடி மாற்றினால், தாய் குட்டியைப் படகுக்கு மறுபக்கம் தள்ளி மறைத்தால், “போதும், போங்கள்” என்று பொருள். படகு அப்போது விலகவேண்டும். பல நாடுகளின் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல படகோட்டியின் நடை இப்படி இருக்கும்: ஓங்கிலைக் கண்டதும் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். நேர் எதிரே போகமாட்டார், பின்னாலிருந்தும் துரத்தமாட்டார். பக்கவாட்டில் அவை போகும் திசையிலேயே மெதுவாகப் போவார். 50 மீட்டர் இடைவெளி விடுவார். அது பாதிக் கால்பந்து மைதானத்தின் நீளம். கூட்டத்தை ஊடறுக்கமாட்டார். நியூசிலாந்தில் கடல் பாலூட்டிக்கு 300 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி. நாலாவது படகு காத்திருக்கத்தான் வேண்டும். குட்டி இருந்தால் இன்னும் விலகிப் போவார். அரைமணி நேரம் பார்த்தது போதும் என்று திரும்பிவிடுவார்.

அப்படி நாம் சும்மா இருந்தால், சில சமயம் அவையே வரும். படகு முன்னே போகும்போது அதன் முன்னணியம் நீரைத் தள்ளி ஓர் அழுத்த அலையை உண்டாக்கும். ஓங்கில் அந்த அலைக்கு முன்னால் வந்து நின்றால் வாலை அசைக்காமலேயே அலை அதைத் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு அது விளையாட்டு. முன்னணியத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தால் இரண்டு முழத்துக்குக் கீழே அது உடம்பைச் சாய்த்து ஒரு கண்ணால் உங்களைப் பார்ப்பது தெரியும். மூக்குத் துளை திறந்து மூடுவது தெரியும். துடுப்பில் உள்ள வெட்டு தெரியும். அப்போது கையை நீட்டாதீர்கள், எதையும் போடாதீர்கள். படகோட்டியும் வேகத்தையோ திசையையோ மாற்றக்கூடாது. அதே சீரில் போனால் ஆசை தீரும்வரை விளையாடிவிட்டு அது தன் பாட்டுக்குப் போகும்.

உங்கள் பங்குக்குச் சில வேலைகள். மிதவை அங்கி போடாமல் படகில் ஏறவேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்குக் கடலிலும் வரலாம். உட்காது ‘ஆடுகிறோம்’ என்று சொல்லும், படகுக்குள்ளேயே பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்று சொல்லும்; மூளை குழம்பிவிடும். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும். தின்பண்ட உறை எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும். காலையில் காற்று கிளம்புவதற்கு முன் போனால் நீர் கண்ணாடியாக இருக்கும், துடுப்பு தெளிவாகத் தெரியும். ஒரு நோட்டில் நேரம், இடம், எத்தனை, குட்டி உண்டா, என்ன செய்துகொண்டிருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். துடுப்பைப் படம் எடுங்கள். முகத்தைவிட அதுதான் விஞ்ஞானிக்குப் பயன்படும். ஓங்கில் வராத நாளும் உண்டு. அன்றைக்குப் படகுக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால், அடுத்த முறை அவர் துரத்தித்தான் காட்டுவார்.

படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு போய்ப் படகுக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். “அண்ணே, ஓங்கிலைக் கண்டா எவ்வளவு தூரத்துல நிறுத்துவீங்க? ஏற்கெனவே மூணு படகு நின்னா என்ன செய்வீங்க? குட்டி இருந்தா என்ன செய்வீங்க?” தள்ளி நிறுத்துவேன், காத்திருப்பேன், விலகிப்போவேன் என்று சொல்பவரின் படகில் ஏறுங்கள், கூலி கொஞ்சம் கூடுதல் ஆனாலும் கொடுங்கள். “தொட்டே பார்க்கலாம் தம்பி, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் படகில் ஏறாதீர்கள்.